சிக்னல் குறைந்தால் இருமுறை கட்ட வேண்டாம்

2000-ஆம் ஆண்டுவாக்கில் செல்போன் இணையம் என்றால் 'வாப்'தான். வேகம் பெரும்பாலும் நொடிக்கு 9.6 கிலோபிட், கட்டணமோ நிமிடக் கணக்கு! சின்னத் திரையில் நாலஞ்சு வரி தெரியும். ஆனாலும் செய்தி, மின்னஞ்சல் எல்லாம் கைக்கு வந்தன. அடுத்து வந்த ஜிபிஆர்எஸ்ஸில், பயன்படுத்திய டேட்டாவுக்குக் கட்டணம் என்று மாறியது.

அந்தக் காலம் முழுசாப் போயிடலை. சிக்னல் குறைந்தால் உங்கள் ஸ்மார்ட்போனும் 2ஜிக்கு இறங்கிவிடலாம். அப்போது இணையத்தில் விண்ணப்பக் கட்டணம் செலுத்தினால், பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும். பதறிப்போய் மறுபடி பட்டனை அழுத்தாதீங்க. இரண்டு முறை பணம் போய்விடலாம்.

என்ன செய்யலாம்?

* விண்ணப்ப எண்ணை முதலிலேயே குறித்து வையுங்கள்.
* வங்கி எஸ்எம்எஸ் வந்ததா பாருங்கள். அதற்கு டேட்டா தேவையில்லை.
* வரவில்லையா? நல்ல சிக்னல் உள்ள இடத்துக்குப் போய், வங்கிக் கணக்கையும் விண்ணப்ப நிலையையும் சரிபார்த்த பிறகே மறுபடி கட்டுங்கள்.