பச்சை லைட்டை மட்டும் நம்பாதே

அன்புள்ள தங்கச்சிக்கு,

தோட்டத்து ஆபீசில் புதுக் கம்பியூட்டரைப் பூட்டும் வேலை உன் தலையில் விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். நல்லது. லைட் எரிகிறது, ஐக்கன் வந்துவிட்டது என்பதற்காக இணைப்பு சரியென்று முடிவு கட்டிவிடாதே. அந்த மெஷினில் ஏறப்போவது தொழிலாளரின் நாள்வரவைப் பதியும் செக்ரோல். அதில் ஒரு நாள் அழிந்தால், மழையில் நின்று கொழுந்தெடுத்த ஒருத்தியின் பேர், அதாவது அவளுடைய ஒரு நாள் வேலைக் கணக்கு, அழிகிறது. சம்பளத்தன்று அவளுக்குப் பதில் சொல்லப்போவது நீதான்.

முதலில் நெட்வர்க். கேபிளுக்கு நீயே தலை பூட்டுவதென்றால், பிளக்கின் கிளிப் கீழே பார்க்க, இடமிருந்து வலமாக எட்டு நூலையும் இப்படி அடுக்கு: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இரண்டு முனையிலும் இதே வரிசைதான். வெளி உறையும் பிளக்குக்குள் சிறிது போன பிறகு நசுக்கு. இல்லாவிட்டால் யாராவது மேசையை நகர்த்தும்போது பாரமெல்லாம் நூல்களில் விழும்.

செருகியதும் பச்சை லைட் எரியும். கேபிள் இரு முனையையும் தொட்டிருக்கிறது என்பதற்கு மட்டுமே அது சாட்சி. மிச்சத்தை நீதான் படிப்படியாகப் பார்க்க வேண்டும். கொமாண்ட் ப்ரொம்ப்டைத் திறந்து ‘ஐபிகொன்ஃபிக்’ கொடு. 192.168 என்று தொடங்கும் எண் வந்தால் பெரும்பாலும் ரவுட்டர் கொடுத்த எண்தான். 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து எதுவும் வராமல் மெஷின் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது. கேபிளையும் ரவுட்டரையும் பார். அடுத்து ரவுட்டரின் எண்ணுக்கு ‘பிங்’ கொடு, பிறகு 8.8.8.8க்கு, கடைசியாக ஏதாவதொரு தளத்தின் பெயருக்கு. எந்தப் படியில் பதில் நிற்கிறதோ, கோளாறு அங்கே இருக்கிறது. எண்ணுக்குப் பதில் வந்து பெயருக்கு வராவிட்டால், பெரும்பாலும் பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ்ஸில்தான் பிழை. அதற்காகக் கேபிளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகி ஒரு பயனும் இல்லை.

ஆபீசிலிருந்து ஸ்டோருக்கும் ஒரு கேபிள் இழுக்கலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். செப்புக் கேபிளுக்கு எல்லை 100 மீற்றர். அதைவிடப் பெரிய காரணம் மின்னல். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடியோடு கினிகத்தேனை எப்படி இருக்குமென்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தாலே, இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஓடும் செம்பில் மின்னழுத்தம் தாவி இரு முனையிலும் உள்ள மெஷின்களைச் சுட்டுவிடும். அங்கே ஃபைபர் போடச் சொல். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. வானம் இருட்டும்போது கரண்ட் பிளக்கைக் கழற்றினால் மட்டும் போதாது. செப்பு டெலிபோன் வயர் ரவுட்டருக்கு வருகிறதென்றால் அதையும், கம்பியூட்டரின் நெட்வர்க் கேபிளையும் கழற்று. இடி தொடங்கிய பிறகு எதையும் தொடாதே.

இனி ஹார்ட் டிஸ்க். மெஷினுக்குள் பூட்டும் சாட்டா டிஸ்க்குக்கு டேட்டாவுக்கு ஒரு கேபிள், கரண்டுக்கு ஒரு கேபிள். கரண்டை முற்றாக நிறுத்திவிட்டுக் கை வை. புது டிஸ்க் என்றால் ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’டில் போய் ஜிபிடி முறையைத் தெரிவு செய், பழைய எம்பிஆர் முறை 2 டெராபைட்டுக்கு மேல் கணக்கெடுக்காது. விண்டோஸில் மட்டும் ஓடுவதற்கு என்டிஎஃப்எஸ் போதும். 1 டெராபைட் டிஸ்க் 931 ஜிபி என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதே. அவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணியதை விண்டோஸ் 1024ஆல் வகுக்கிறது.

ஏற்கெனவே டேட்டா உள்ள டிஸ்க்கைச் செருகியதும் ‘ஃபோர்மட் செய்யவா?’ என்று கேட்டால், ஒருக்காலும் சம்மதம் கொடுக்காதே. கேபிளை மாற்றிப் பார், வேறு மெஷினில் பார். அப்போதும் திறக்காவிட்டால் டேட்டா மீட்கத் தெரிந்தவரிடம் கொடு.

இனி எல்லோரும் பகிர்ந்து பாவிப்பவை. 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ரொபர்ட் மெட்காஃப் ஈதர்நெட்டுக்கு வடிவம் கொடுத்தபோது, அங்கிருந்த கம்பியூட்டர்களை ஒன்றோடொன்றும் ஒரே லேசர் பிரிண்டரோடும் இணைப்பதுதான் தேவையாக இருந்தது. உங்கள் ஆபீசிலும் பிரிண்டரும் செக்ரோல் ஃபோல்டரும் பொதுவாகத்தான் இருக்கும். பிரிண்டருக்கும் அந்த ஃபோல்டர் இருக்கும் மெஷினுக்கும் உரிய எண் மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கி வை. ஃபோல்டரில் எழுதும் உரிமையைச் செக்ரோல் எழுதுகிறவர்களுக்கு மட்டும் கொடு; மற்றவர்கள் பார்த்தால் போதும்.

செக்ரோல் மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும்: ஒன்று மெஷினில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று ஆபீசுக்கு வெளியே. பிரதி எடுத்ததும் வெளி டிஸ்க்கைக் கழற்றி அலுமாரியில் வை. செருகியபடியே விட்டால், மின்னலோ வைரஸோ வரும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும். பிரதி எடுப்பது பாதி வேலைதான். மாதம் ஒருமுறை, சம்பளக் கணக்கு முடிக்குமுன், அதிலிருந்து ஒரு ஃபைலை வேறு மெஷினில் திறந்து, யாராவது ஒருவரின் பேரை எண்ணிப் பார்.

எந்தக் கேபிள் எந்தப் போர்ட்டில், எந்த மெஷினுக்கு எந்த எண் என்று ஒரு கொப்பியில் எழுதி வை. நீ லீவில் போகும் நாளில்தான் ஏதாவது நிற்கும். உன் இடத்தில் இருப்பவர் அதைப் பார்த்து வேலையைத் தொடர வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்