சிக்னலில் கால் ஊன்ற முடியாதவருக்கு வண்டி செய்வது எப்படி?

ஒரு கேள்வியோட ஆரம்பிப்போம். இரண்டு கால்களும் செயலிழந்த ஒருவர் டூ வீலர் ஓட்டணும்னா எது கஷ்டம்? "கியர் மாத்துறது, பின் பிரேக் மிதிக்கிறது"ன்னு உடனே சொல்லுவீங்க. உண்மையில் அந்த ரெண்டுமே சுலபமா தீர்க்கக்கூடியவை. பெரிய சிக்கல் வண்டி ஓடும்போது இல்ல, நிற்கும்போது.

ஓடும்போது கால் எதுக்கு?

ஓரளவு வேகம் எடுத்த பைக்கை நாம் காலால் நிமிர்த்திப் பிடிப்பதில்லை. ஹேண்டில்பாரை லேசாக இடப்பக்கம் திருப்பினால் வண்டி வலப்பக்கம் சாயும். அந்தச் சாய்வில்தான் வளைவு திரும்புகிறோம். எல்லாம் கை வேலை.

வெய்ன் ரெய்னி என்ற அமெரிக்க வீரரைப் பாருங்க. 1990, 1991, 1992 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 500 சி.சி. உலக சாம்பியன். 1993இல் இத்தாலியின் மிசானோ பந்தயத்தில் விழுந்து, மார்புக்குக் கீழே செயலிழந்தது. அதே மனிதர் 2022இல் இங்கிலாந்தின் குட்வுட் விழாவில் தன் பழைய யமஹா பந்தய பைக்கை ஓட்டினார். கால் கட்டுப்பாடுகளைக் கைக்கு மாற்றியிருந்தார்கள். ஆனால் கிளம்பும்போதும் நிற்கும்போதும் வண்டியைப் பிடிக்க ஆட்கள் வேண்டியிருந்தது.

பந்தயத் தடத்தில் ஆள் இருப்பாங்க. நம்ம ஊர் சிக்னல்ல யார் இருப்பா?

பக்கச் சக்கரம் என்ற விடை

நம் ஊரில் இதற்கு நல்ல விடை ஏற்கெனவே ரோட்டில் ஓடிக்கிட்டிருக்கு. கியர் இல்லாத ஸ்கூட்டரின் பின்பக்கத்தில் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம். தமிழக அரசும் தகுதியுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு இதை இலவசமாக வழங்குகிறது. ஸ்கூட்டரைத் தேர்ந்தெடுத்ததும் புத்திசாலித்தனம்: கியர் கிடையாது, இரண்டு பிரேக்கும் கையில். காலுக்கு வேலையே இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பக்கச் சக்கரம் வந்ததும் வண்டி சாய முடியாது. சாயாத வண்டி வளைவில் வெளிப்பக்கம் கவிழப் பார்க்கும். எவ்வளவு வேகத்தில்? ஒரு தோராயக் கணக்கு போடுவோம்.

வீல்பேஸ் 1.25 மீட்டர். வண்டியும் ஆளும் சேர்ந்த சி.ஜி., பின் அச்சுக்கு 0.5 மீட்டர் முன்னால், தரையிலிருந்து 0.7 மீட்டர் உயரத்தில். நடுவிலிருந்து பக்கச் சக்கரம் 0.4 மீட்டர் தள்ளி. இப்போ கவனிங்க: முன்னால் ஒரே சக்கரம் என்பதால், வண்டி கவிழும் கோடு முன் சக்கரத்திலிருந்து பக்கச் சக்கரத்துக்குச் சரிவாகப் போகும். சி.ஜி. இருக்கும் இடத்தில் அந்தக் கோடு 0.4 மீட்டர் தள்ளி இருக்காது, 0.24 மீட்டர்தான்.

0.24ஐ 0.7ஆல் வகுத்தால் 0.34. அதாவது பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.34 மடங்கைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். 10 மீட்டர் ஆரமுள்ள தெருமுனையில் அந்த வேகம் மணிக்கு சுமார் 21 கி.மீ. மட்டுமே! இதே முனையை இதே வேகத்தில் சாதாரண ஸ்கூட்டர் 19 டிகிரி சாய்ந்து நிம்மதியாகத் திரும்பிவிடும். வளைவில் திடீர்னு பிரேக் பிடித்தால் இந்த எல்லை இன்னும் குறையும்.

"அப்போ சக்கரத்தை இன்னும் தள்ளி வெச்சா?" பக்கத்துக்கு 10 செ.மீ. கூட்டிப் போட்டுப் பாருங்க. எல்லை வேகம் சுமார் 23 ஆகும். கிடைத்தது 2 கி.மீ. வேகம், வண்டியோ ஒரு மீட்டருக்கு மேல் அகலமாகிவிட்டது. இனி சந்துக்குள் போக முடியாது.

இன்னொரு நுணுக்கம்: பக்கச் சக்கரங்களை சஸ்பென்ஷன் இல்லாமல் இறுக்கிப் பொருத்தினால், பள்ளத்தின் மேல் வரும்போது நடுச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். இஞ்சின் சக்தி போவதும், பின் பிரேக் பிடிப்பதும் அந்தச் சக்கரத்தில்தான். வண்டி நகராது, பிரேக்கும் பிடிக்காது.

சாயணும், பூட்டவும் பூட்டணும்

அப்படின்னா நமக்கு வேண்டியது ஓடும்போது சாயும், நிற்கும்போது சாயாத வண்டி. இது கனவு இல்ல. 2006இல் வந்த பியாஜியோ எம்.பி.3 ஸ்கூட்டரில் முன்னால் இரண்டு சக்கரங்கள், அவை வண்டியோடு சேர்ந்து சாயும். வேகம் குறைந்து நிற்கப் போகும்போது சுவிட்சை அழுத்தினால் சாய்வு பூட்டிக்கொள்ளும். கால் ஊன்றத் தேவையில்லை. இந்தக் கருத்தை நம் ஊர்ப் பட்டறையில் செய்யக்கூடிய விலைக்கு, சாதாரண ஸ்கூட்டரின் பக்கச் சக்கரத்துக்குக் கொண்டுவர முடியுமா? இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியல. ஆனால் ஒன்று: பேட்டரி தீர்ந்தால் பூட்டு என்ன நிலையில் இருக்கும் என்பதை முதல் நாளே முடிவு செய்யணும். ஓட்டுபவரால் காலை ஊன்றித் தப்பிக்க முடியாது.

வண்டியை அளக்கும் முன் ஆளை அளங்க

செயலிழப்பு எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை. போலியோவில் தசை வலுவிழந்தாலும் தொடு உணர்வு இருக்கும். 2011க்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸ் பாதிப்பு பதிவாகவில்லை. ஆனால் விபத்தில் தண்டுவடம் அடிபடுபவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இவர்களில் பலருக்கு உணர்வும் போய்விடும். அதனால் டிசைனே மாறணும்:

* சூடான சைலன்ஸரில் கால் பட்டாலும் தெரியாது. முழுக்க மூடிய வெப்பத் தடுப்பு கட்டாயம்.
* கால் நழுவித் தரையில் இழுபட்டாலும் தெரியாது. பக்கச் சுவர் உள்ள கால்தாங்கியும் பட்டையும் வேண்டும்.
* ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்தால் படுக்கைப்புண் வரும். சாதாரண சீட் போதாது, அழுத்தம் பரப்பும் குஷன் தேவை.
* அடிபட்டது மார்பு உயரத்தில் என்றால் உடம்பை நிமிர்த்தும் தசைகளும் வேலை செய்யாது. முதுகுத் தாங்கியும் பக்கத் தாங்கியும் இல்லாமல் பிரேக் பிடித்தால் ஆள் ஹேண்டில்பார் மேல் சரிவார்.

இதோட முடியல. வீல்சேரிலிருந்து வண்டிக்கு எப்படி மாறுவது, போய் இறங்கும் இடத்தில் வீல்சேர் எங்கே? சென்னை ஐஐடியில் உருவாகி 2021இல் அறிமுகமான நியோபோல்ட் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்டது. மோட்டார் உள்ள முன்பகுதியை வீல்சேரோடு மாட்டிக்கொண்டு மணிக்கு 25 கி.மீ. வரை போகலாம். இடம் மாறி உட்கார வேண்டியதே இல்லை.

கடைசியா சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, மாற்றியமைத்த வண்டியை ஆர்.சி.யில் பதிவு செய்யணும். பதியாவிட்டால் விபத்து நடக்கும்போது இன்சூரன்ஸ் சிக்கலில் மாட்டுவது ஓட்டுபவர்தான், டிசைன் செய்த நாம் இல்லை.

ஆகவே நண்பர்களே, சாலிட்வொர்க்ஸ் திறக்கும் முன் ஓட்டப்போகிறவரிடம் நாலு கேள்வி கேளுங்க. எதுவரை உணர்வு இருக்கு? பிடிக்காமல் நிமிர்ந்து உட்கார முடியுமா? தினமும் எந்த ரோட்டில் போவீங்க? இறங்கினதும் வீல்சேர் யார் எடுத்துத் தருவாங்க? கடைசிக் கேள்விக்கு "யாரும் வேண்டாம், நானே எடுத்துக்குவேன்"னு அவர் சொல்ற மாதிரி வண்டி செய்யறதுதான் நம்ம வேலை.