சிமெண்டின் இறுகலும் உலோக ஆக்சைடுகளும்

‘சிமெண்டு காய்ந்துவிட்டது’ என்று கட்டுமான இடங்களில் கூறுவர். ஆனால் சேறு காய்வதும் சிமெண்டு இறுகுவதும் ஒன்றல்ல. சேற்றிலிருந்து நீர் வெளியேறுகிறது. சிமெண்டிலோ நீர் உட்சேர்ந்து புதிய சேர்மங்கள் உருவாகின்றன. நீரேற்றம் எனப்படும் இவ்வினைக்கு நீர் குறையலாகாது என்பதற்காகவே புதிய தளத்தின்மேல் பாத்தி கட்டி நீர் நிறுத்துகின்றனர்.

சிமெண்டில் மிகுதியாக உள்ள டிரைகால்சியம் சிலிகேட், நீர் பட்டவுடன் சில நிமிடங்கள் விரைந்து வினைபுரிந்து, பின்னர்ச் சில மணிநேரம் ஏறக்குறைய ஓய்ந்திருக்கும். கலவையைச் சுமந்து சென்று கொட்டிப் பரப்புவதற்கு இந்த ஓய்வே வாய்ப்பளிக்கிறது. அதன்பின் வினை மீண்டும் விரைவடைந்து, மணலையும் சல்லியையும் பிணைக்கும் கூழ்மம் வளர்கிறது. சாதாரண போர்ட்லேண்டு சிமெண்டு 30 நிமிடங்களுக்கு முன் இறுகத் தொடங்கலாகாது, 600 நிமிடங்களுக்குள் இறுகி முடிதல் வேண்டும் என்பது இந்தியத் தர அளவை. இந்தக் கால ஒழுங்கைச் சிறிதளவு உலோக ஆக்சைடும் மாற்றிவிடும்.

துத்தநாக ஆக்சைடு இதற்குத் தெளிவான சான்று. சிமெண்டின் எடையில் நூற்றில் ஒரு பங்கே சேர்ந்தாலும் இறுகல் பல மணிநேரம், சில வேளைகளில் நாள்கணக்கில் தள்ளிப்போகும். காரத்தன்மை மிக்க கலவைநீரில் கரையும் துத்தநாகம், சிமெண்டுத் துகள்களின்மேல் படலமாகப் படிந்து நீரைத் தடுக்கிறது என்பது பழைய விளக்கம். புதிய கூழ்மம் முளைக்க வேண்டிய இடங்களையே அது முடக்குகிறது என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. கரைந்த துத்தநாகம் கால்சியத்துடன் சேர்ந்து படிகமாகித் தீர்ந்தபின் நீரேற்றம் மீண்டும் தொடர்கிறது. இறுதி வலிமை குறைந்தே தீரும் என்பதில்லை. இடர் இடைப்பட்ட காலத்தில்தான் உள்ளது. எஃகு உருக்காலைத் தூசியில் துத்தநாகம் மிகுந்திருப்பதுண்டு. அத்தகைய கழிவைக் கலவையில் சேர்த்தோர், வழக்கமான நாள்கணக்கில் முட்டுகளை அகற்றினால் தளம் சரிய நேரும்.

டைட்டானியம் டை ஆக்சைடு இதற்கு நேர்மாறானது. அது நீருடன் வினைபுரிவதில்லை. எனினும் அதன் நுண்துகள்களின் பரப்பில் கூழ்மம் முளைக்க இடம் கிடைப்பதால் நீரேற்றம் விரைவடைகிறது. துகள் மிக நுண்ணியதாயின் நீரை ஈர்த்துக் கலவையின் இளக்கத்தைக் குறைத்துவிடும். ஒளிபட்டால் அழுக்கைச் சிதைக்கும் இயல்பும் இதற்குண்டு. ரோம் நகரில் 2003ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜூபிலி தேவாலயத்தின் வெண்ணிறச் சுவர்களில் இது சேர்க்கப்பட்டிருப்பது அதனாலேயே.

மெக்னீசியம் ஆக்சைடின் போக்கு வேறு. உயர் வெப்பத்தில் சுடப்பட்ட அதன் படிகங்கள் மிக மெதுவாகவே நீரேற்றம் அடைகின்றன. அப்போது உருவாகும் ஹைட்ராக்சைடின் கன அளவு இருமடங்கிற்கும் மேலாதலால், இறுகி முடிந்த கட்டடம் ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தே வெடிப்புறலாம். இதன் அளவுக்குத் தர நிர்ணயங்கள் வரம்பிட்டுள்ளமை இதனாலேயே. ஆயினும் பேரணைகளின் கற்காரை குளிர்ந்து சுருங்கும்போது தோன்றும் வெடிப்புகளைத் தவிர்க்க, ஏற்ற வெப்பத்தில் சுட்ட மெக்னீசியம் ஆக்சைடைச் சீனப் பொறியாளர்கள் அளவறிந்து சேர்க்கின்றனர். கற்காரையின் சுருக்கத்தை அதன் விரிவு ஈடுசெய்கிறது.