கிட்டார் முகாமுக்குப் புறப்படும் பெறாமகளுக்கு



வயதுவந்தோருக்கான கிட்டார் முகாம் என்பது, ஒரு வாரமோ இரண்டு வாரமோ முன்பின் அறியாதவர்களுடன் ஒரே இடத்தில் தங்கி, உண்டு, உறங்கி, எஞ்சிய பொழுதையெல்லாம் வாத்தியத்துடன் கழிக்கும் ஏற்பாடு ஆகும். டென்மார்க்கில் இதற்கு இடம் தருபவை பெரும்பாலும் 'ஹொய்ஸ்கோலே' எனப்படும் மக்கள் உயர்பள்ளிகளே. மதபோதகரும் கவிஞருமான க்ருண்ட்விக் (1783–1872) முன்வைத்த கருத்திலிருந்து பிறந்து, 1844இல் தென் யூட்லாந்தின் ரொடிங் என்னும் ஊரில் முதன்முதலாகத் திறக்கப்பட்ட இவ்வகைப் பள்ளியில் பரீட்சை கிடையாது, புள்ளிகள் கிடையாது, தராதரப் பத்திரமும் கிடையாது; ஆண்டு முழுவதும் இளையோருக்கு நீண்ட வகுப்புகளை நடத்தும் இப்பள்ளிகள், கோடையில் எல்லா வயதினருக்கும் குறுகிய வகுப்புகளை நடத்துகின்றன. பத்திரம் தராத படிப்புக்கு எதற்குக் காசு என்று பெறாமகளின் தாயார் கேட்கக்கூடும். பரீட்சையை நம்பியே பிள்ளைகளை வளர்த்த தலைமுறைக்கு அக்கேள்வி இயல்பானதே.

பெறாமகளைப் போல் மேற்கு யூட்லாந்தின் ஹொல்ஸ்டெப்ரோ போன்ற ஊரில் வசிக்கும் ஒருவர், உள்ளூரிலேயே கற்காமல் முகாமைத் தேடிப் போக வேண்டியிருப்பதற்கு நடைமுறைக் காரணம் ஒன்று உண்டு. நகராட்சிகளின் இசைப்பள்ளிகளுக்குக் கிடைக்கும் அரச மானியம் 25 வயது வரையிலான பிள்ளைகளையும் இளையோரையும் கருதியே வழங்கப்படுவதால், அவ்வயதைத் தாண்டியவருக்கு எஞ்சுபவை வாரம் ஒரு முறை கூடும் மாலைப்பள்ளி வகுப்பும் வீட்டு அறையில் யூட்யூப் பார்த்துப் பழகுவதும்தான். இவ்விரண்டாலும் விரல்கள் பல கார்டுகளைக் கற்றுக்கொள்ளும் என்பதில் ஐயமில்லை (கார்டு என்பது ஒன்றாக ஒலிக்கும் சில சுரங்களின் கூட்டு). ஆனால் தனியறையில் பல ஆண்டுகள் வாசித்தவரிடம் ஒரு குறை ஏறத்தாழத் தவறாமல் காணப்படும்; அக்குறையை முன்கூட்டியே அறிந்து செல்வதே இக்கடிதத்தின் முதன்மையான அறிவுரை.

அக்குறை காலப்பிரமாணம் பற்றியது. 'ஜி' கார்டிலிருந்து 'சி' கார்டுக்குச் செல்வது எளிது. அங்கிருந்து, சுட்டுவிரலைப் படுக்கவைத்து ஒன்றுக்கு மேற்பட்ட தந்திகளை ஒருசேர அழுத்த வேண்டிய 'எஃப்' கார்டுக்குச் செல்லும்போது இடக்கை ஒரு கணம் தடுமாறுகிறது. தனியே வாசிப்பவர் அந்தக் கணத்தில் வலக்கையையும் நிறுத்தி, விரல்கள் அமர்ந்த பின் பாட்டைத் தொடர்கிறார். காலம் தமக்காகக் காத்திருந்ததை அவர் கவனிப்பதே இல்லை. முகாமில் பத்துப் பேர் ஒரே பாட்டை வாசிக்கும்போது காலம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. எனவே கார்டு தவறினால் தவறட்டும் என்று விட்டுவிட்டு, தந்தியில் படாமலேனும் வலக்கையை மேலும் கீழுமாக அசைத்துக்கொண்டே இருந்து, அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியில் மீண்டும் சேர்ந்துகொள்வதே சரியான வழி. மேற்கத்திய இசையில் 'பார்' என்று சொல்லப்படுவது, பெரும்பாலான பாட்டுகளில் நான்கு எண்ணிக்கை கொண்ட சிறிய ஆவர்த்தனமே ஆகும். கர்நாடக இசையோ மிருதங்கமோ பரதமோ சிறிது பயின்ற தமிழ்ப் பிள்ளைகளுக்கு, பாடுபவர் தவறினாலும் தாளம் போடும் கை நிற்கக் கூடாது என்பது முன்பே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கும். கிட்டாரில் வலக்கையே தாளம் போடும் கை என்று கொண்டால் போதும். சுரத்தைத் தவறவிட்டு வெட்கப்படுபவர்கள் பலர். தாளத்தைத் தவறவிட்டதை உணர்பவர்களோ சிலரே. குழு வாசிப்பைக் குலைப்பது பெரும்பாலும் பின்னதுதான்.

இதைக் கற்பிக்கவென்றே அமைந்ததோ என்று எண்ணத்தக்க பயிற்சி ஒன்று, 'கிங் கிரிம்சன்' குழுவின் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப் 1985இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவிலுள்ள கிளேமாண்டில் தொடங்கிய 'கிட்டார் கிராஃப்ட்' என்னும் தங்கிப் பயிலும் வகுப்புகளில் வளர்ந்தது. அங்கே மாணவர்கள் வட்டமாக அமர்ந்து, ஆளுக்கு ஒரே ஒரு சுரத்தை வாசித்து அடுத்தவருக்குக் கடத்துவார்கள். ஒருவர் பிந்தினாலும் வட்டம் முழுவதும் அது கேட்கும். வழக்கமான சுருதியமைப்பையும் ஃபிரிப் கைவிட்டு, சி-ஜி-டி-ஏ-இ-ஜி என்னும் புதிய அமைப்பில் தந்திகளைக் கட்டச் செய்ததால், இருபது ஆண்டு வாசித்தவரும் நேற்று வந்தவரும் பழைய விரல் பழக்கத்தின் துணையின்றி ஏறத்தாழ ஒரே படியில் நிற்க நேர்ந்தது. டென்மார்க்கின் கோடை வகுப்பில் இத்தனை கடுமை இருக்காது. ஆயினும் ஆசிரியர் வட்டமாக உட்காரச் சொன்னால் அதை விளையாட்டென்று கருதி அசட்டை செய்யக் கூடாது.

உடல் பற்றிய எச்சரிக்கை வேறு வகையானது. வீட்டில் நாளுக்கு அரை மணி நேரம் வாசிப்பவர் முகாமில் ஐந்து ஆறு மணி நேரம் வாசிக்கும்போது, இரண்டாம் நாள் மாலைக்குள் இடக்கை விரல்நுனிகள் சிவந்து எரியும். இது உருக்குத் தந்தியின் இயல்பான விளைவாதலால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி எடுத்தாலும், விரல்கள் விறைத்தாலும், வாத்தியத்தை உடனே கீழே வைத்துவிட வேண்டும். அக்கூஸ்டிக் கிட்டாரில் வழக்கமாகப் பூட்டப்படும் தந்தித் தொகுதியின் மிக மெல்லிய தந்தி 0.012 அங்குலம் தடிப்புடையது. அதற்குப் பதிலாக 0.011 அல்லது 0.010 தொகுதியைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பூட்டிக்கொண்டால் விரலுக்கும் இதம், புதுத் தந்தி இழுபட்டுச் சுருதியில் நிலைக்கவும் அவகாசம் கிடைக்கும். குளித்தவுடன் தோல் ஊறியிருக்கும் வேளையில் வாசிப்பதும் விரல்நுனியைப் புண்ணாக்கும்.

சுருதி சேர்ப்பதிலும் முகாமுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. பலர் ஒரே நேரத்தில் தந்திகளை முறுக்கிக்கொண்டிருக்கும் அறையில் தன் வாத்தியத்தின் ஒலி தனக்கே கேட்காது. ஆதலால் ஒலிவாங்கியை நம்பும் கைப்பேசிச் செயலி பயன்படாமல் போகும். தலைப்பகுதியில் கவ்விக்கொண்டு மரத்தின் அதிர்வை உணரும் ட்யூனரே கைகொடுக்கும். ஆறு தந்திகளையும் ஒரே தட்டில் ஒலிக்கச் செய்து, எது ஏறியது எது இறங்கியது என்று ஒருசேரக் காட்டும் 'பாலிட்யூன்' என்னும் கருவியை 2010இல் வெளியிட்டது, டென்மார்க்கின் ஓர்ஹூஸ் நகரை ஒட்டிய ரிஸ்கோவில் இயங்கிய டீசீ எலெக்ட்ரானிக் நிறுவனம் என்பது அறியத்தக்க செய்தி.

காலையில் கிட்டாரைத் தொடுமுன் எல்லாரும் கூடிப் பாடும் வழக்கத்துக்கும் ஆயத்தமாகச் செல்ல வேண்டும். 1894இல் முதற்பதிப்புக் கண்டு, 2020இல் 19ஆம் பதிப்பாக வந்துள்ள உயர்பள்ளிப் பாட்டுப் புத்தகம் ஒவ்வொருவர் கையிலும் தரப்படும். குரல் நன்றாக இருக்கிறதா என்று எவரும் பார்ப்பதில்லை. குறுகிய வகுப்புகளுக்கு வருவோரில் ஓய்வு பெற்றவர்கள் மிகுதியாதலால், பெறாமகளே அறையில் மிக இளையவராக இருக்க நேரலாம்.

தொடக்கநிலை, இடைநிலை என்று குழு பிரிக்கும்போது வயதுவந்தோர் செய்வது இரண்டில் ஒன்று: தன்னடக்கத்தால் தாழ்வாகச் சொல்வது, அல்லது வாங்கிய கிட்டாரின் விலைக்கேற்ப உயர்வாகச் சொல்வது. ஜி, சி, டி ஆகிய மூன்று கார்டுகளுக்கிடையே விரலைப் பாராமலும் நில்லாமலும் மாற முடிந்தால் இடைநிலையைத் தேர்வதில் தவறில்லை. முடியாவிட்டால் தொடக்கநிலைக் குழுவே அதிகம் கற்றுத் தரும்.

கடைசி மாலையில் ஒவ்வொருவரும் ஏதேனும் வாசிக்கும் வழக்கம் இத்தகைய முகாம்கள் பலவற்றில் உண்டு; இங்கே ஹொல்ஸ்டெப்ரோவின் சொந்த வரலாறே வழிகாட்டும். கேரள கலாமண்டலத்துக்கு 1963இல் சென்று கதகளிப் பயிற்சியை நேரில் கண்ட எவ்ஜெனியோ பார்பா, ஒஸ்லோவில் தொடங்கிய தம் 'ஒடின் தியேத்ரெத்' நாடகக் குழுவை 1966இல் ஹொல்ஸ்டெப்ரோவுக்குக் கொண்டுவந்தார். அக்குழு 1974இல் தென் இத்தாலியின் கார்ப்பின்யானோ கிராமத்தில் தங்கியிருந்தபோது, நுழைவுச்சீட்டு விற்காமல், தன் ஆற்றுகைக்கு ஈடாக ஊரார் தங்கள் பாட்டையும் ஆட்டத்தையும் தரும் பண்டமாற்று முறையைக் கையாளத் தொடங்கியது. முகாமின் கடைசி மாலையையும் அப்படிக் கொள்ளலாம். டேனிஷ்காரர் நன்கறிந்த ஆங்கிலப் பாட்டை அவர்களைவிடச் சற்றுத் தாழ்வாக வாசித்துக் காட்டுவதால் ஒருவருக்கும் பயனில்லை. கிட்டாரைத் தாமே முறையாகப் பயின்ற இளையராஜாவின் திரைப்பாட்டு ஒன்று அந்த அறையில் ஒருவரும் கேட்டிராததாக இருக்கும். ஆனால் 1982இல் வெளிவந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் அவர் இசையமைத்த பாட்டு ஒன்றின் புகழ்பெற்ற கிட்டார் தொடக்கத்தில் ஆசை வைக்க வேண்டாம். அதை நேர்த்தியாக வாசிக்க ஒரு வாரம் போதாது. மெதுவான நடையும் நான்கைந்து கார்டுகளும் உள்ள ஒரு பல்லவியை எடுத்து, வரிகளை ரோமன் எழுத்திலும் கார்டுப் பெயர்களை அவற்றின் மேலும் எழுதி, பத்துப் படிகள் அச்சிட்டுக் கொண்டுபோனால், மற்றவர்கள் தாளக் கார்டுகளை வாசிக்கப் பெறாமகள் பாடலாம்.

முகாமில் பெற்ற தாள உறுதி, மீண்டும் தனியறைக்குத் திரும்பினால் சில மாதங்களில் கரைந்துவிடும். எனவே மேற்கு யூட்லாந்திலிருந்து வந்திருப்போர் யார் யார் என்று முதல் இரண்டு நாளிலேயே விசாரித்து, மூவராவது சேர்ந்தால் வாரம் ஒரு மாலை கூட ஏற்பாடு செய்ய வேண்டும். மக்கள் கல்விச் சட்டத்தின்படி முறையாக அமைந்த சங்கங்களுக்கு நகராட்சிகள் தம் கட்டடங்களில் இடம் ஒதுக்குகின்றன. ஊர்த் தமிழ்ச் சங்கம் அவ்வாறு பதிவானதாக இருந்தால், அதன் செயலாளரிடம் ஒரு சொல் கேட்டுவைப்பது நல்லது. அக்கட்டடங்களைப் பயன்படுத்தும் மாலைப்பள்ளிகளின் பருவம் இலையுதிர் காலத்தில் தொடங்குவதால், கோடை முடியுமுன்பே இடத்தைக் கேட்டுவிட வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா