இளைஞர் உள்ளம் அறிதல்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒரே அரிசி, ஒரே நீர், ஒரே தீ. ஆதலின் ஒரு பருக்கை வெந்திருப்பின் மற்றவையும் வெந்தனவாம். ஆனால், ஓர் ஊரிலுள்ள இளைஞரின் விருப்பத்தை ஒருவரை மட்டும் வினவி அறிதல் இயலுமோ?

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூரை அடுத்து உள்ளது அயனம்பாக்கம். அதற்கு அண்மையில் 1964-ஆம் ஆண்டில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. ஆவடியிலும் தொழிற்சாலைகள் எழுந்தன. இத்தகைய ஊரில் ஓர் இளைஞன் கடைசல் எந்திரத்தை இயக்கக் கற்க விரும்பலாம்; அவன் தங்கை செவிலியாக விழையலாம்; அடுத்த வீட்டுப் பிள்ளையோ, குடும்பத்தின் வறுமையால் பள்ளியை விட்டுக் கூலி வேலைக்குச் செல்லலாம். இம்மூவர் உள்ளமும் ஒன்றாகா.

மக்களிடமே சென்று வினவி உண்மை காணும் முறை நமக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக் கழகத்தில் பொருளியல் பேராசிரியராக விளங்கிய கில்பர்ட் சிலேட்டர், 1916-ஆம் ஆண்டில் தம் மாணவரைச் சிற்றூர்களின் வாழ்க்கையை ஆராயச் செய்தார். அவர்கள் திரட்டிய செய்திகள் 1918-இல் நூலாக வெளிவந்தன. பின்னர் வந்த ஆய்வாளரும் அவ்வூர்கள் சிலவற்றிற்கு மீண்டும் சென்று, மாற்றங்களை ஒப்பிட்டு நோக்கினர்.

அண்மையில், 2023-ஆம் ஆண்டில், ‘பிரதம்’ என்னும் தொண்டு நிறுவனம் 14 முதல் 18 வயது வரையுள்ள ஊரக இளைஞரின் கல்வியையும் விருப்பங்களையும் ஆராய்ந்தது. 26 மாநிலங்களில் 28 மாவட்டங்களைச் சேர்ந்த 34,745 பேர் வினவப்பட்டனர். தமிழ்நாட்டில் பெரம்பலூர் மாவட்டம் இடம்பெற்றது. ஆய்வாளர் பள்ளிகளில் நின்றுவிடாமல் வீடுதோறும் சென்றனர். அதன் பயன் யாது? 14 வயதினருள் கல்வி நிலையம் எதிலும் சேராதோர் நூற்றுக்கு 3.9 பேர், 18 வயதினருள் அத்தொகை 32.6 ஆக உயர்ந்திருந்தது. பள்ளியிலும் கல்லூரியிலும் மட்டும் வினவியிருப்பின், 18 வயதினருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் குரல் கேளாமலே போயிருக்கும். கல்வி கைவிட்டுப் போனமைக்குரிய காரணத்தை அவரன்றி வேறு யார் கூறவல்லார்?

வினவும் முறையிலும் கருத்து வேண்டும். ‘நீ மருத்துவராக விரும்புகிறாய் அன்றோ?’ என்பது, விடையை நாமே ஊட்டுவதாகும். ‘நீ எத்தொழிலை விரும்புகிறாய்? ஏன்?’ என்பதே நேரிய வினா. தந்தையும் தமையனும் சூழ நிற்கையில் ஒரு பெண் தன் விருப்பத்தை ஒளிக்கக் கூடும்; ஆதலின் அவள் அச்சமின்றிப் பேசத்தக்க சூழலை அமைத்தல் வேண்டும். கூறியவாறே எழுதுதலும், கூறியவர் பெயரை வெளியிடாமையும் ஆய்வாளர்தம் கடமைகளாம். ‘எனக்குத் தெரியவில்லை’ என்னும் விடையையும் இகழாது குறித்தல் வேண்டும். வழிகாட்டுவார் இன்மையை அவ்விடை உணர்த்தலாம் அன்றோ?

மாணவர்களே! நோயின் முதல் நாடாது மருந்து கொடுப்பது பயன் தராது. அவ்வாறே, இளைஞர் உள்ளம் அறியாது வகுக்கும் கல்வித் திட்டமும் தொழிற்பயிற்சியும் நிறைபயன் தாரா. நீங்களும் உங்கள் தெருவில் உள்ள இளைஞரைக் கண்டு, அவர்தம் கல்வியையும் தொழில் விருப்பத்தையும் கேட்டறியுங்கள். வகுப்பறையில் உங்களோடு அமர்ந்து பயின்று, இன்று வாராதிருக்கும் நண்பன் வீட்டிலிருந்து அப்பணியைத் தொடங்குங்கள்.