நோயுற்ற மனைவியின் அருகில்

ஹிஜ்ரி 2-இல் பத்ருப் போருக்குப் புறப்பட்டபோது, நோயுற்ற தம் மகளார் ருகையா (ரலி) அவர்களைக் கவனித்துக்கொள்ளுமாறு கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவிலேயே தங்கச் செய்தார்கள். வெற்றிச் செய்தி வந்தபோது ருகையா (ரலி) அடக்கம் செய்யப்பட்டுவிட்டார்கள். எனினும் போரில் கலந்தவருக்குரிய நற்கூலியும் பங்கும் உஸ்மான் (ரலி) அவர்களுக்குக் கிடைத்தன.

மேலப்பாளையத்திலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக மனைவியைச் சேர்த்திருக்கும் சகோதரர்களுக்கு நாம் சொல்வது இதுவே: கட்டிலருகே அமர்ந்திருப்பதும் இபாதத்தே. கவனிக்க வேறு ஆளில்லையெனில் ஜும்ஆவுக்குச் செல்லாமல் லுஹர் தொழுதுகொள்ளலாம். கீமோதெரபியால் இரத்த வெள்ளணுக்கள் குறையும், தொற்று எளிதில் பற்றும். ஆகவே நலம் விசாரிக்க வரும் கூட்டத்தைப் பக்குவமாகத் தடுப்பதும் பணிவிடையே. நிற்க இயலாத மனைவி அமர்ந்தோ படுத்தோ தொழ உதவுங்கள்.

ஷிபா அல்லாஹ்விடம், பணிவிடை நம்மிடம்.