கதையில் காட்சி அமைத்தல்



சென்ற பருவத்தில் 'பொங்கல் விடுமுறை' என்னும் தலைப்பில் நீங்கள் எழுதிய கதைகளைத் திருத்தினேன். ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் 'மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது' என்னும் ஒரே தொடர் இடம்பெற்றிருந்தது. ஒரு மாணவன் மட்டும், 'இந்த ஆண்டு ஊருக்குச் செல்ல இயலவில்லை. அப்பா வருந்தினார்' என்று எழுதியிருந்தான். அவனை அழைத்து, "அப்பா வருந்தினார் என்பதை நீ எவ்வாறு அறிந்தாய்?" என வினவினேன். சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "பரண்மேல இருந்து பெட்டியை இறக்கித் துடைச்சு வச்சிருந்தாரு சார். லீவு இல்லைன்னு போன் வந்ததும், ஒண்ணும் பேசாம மறுபடி மேல ஏத்திட்டாரு" என்றான்.

'அப்பா வருந்தினார்' என்பது செய்தி. பெட்டி இறங்கியதும் மீண்டும் ஏறியதும் காட்சி. செய்தியை நாம் சொல்ல, படிப்பவர் கேட்டுக்கொள்கிறார். காட்சியிலோ அவர் தாமே கண்டு உணர்கிறார். இதனால் கதை முழுவதையும் காட்சியாகவே எழுத வேண்டும் என்று கருதாதீர்கள். 'மூன்று ஆண்டுகள் கழிந்தன' என்று ஒரே வரியில் கடந்துவிட வேண்டிய இடங்களும் உண்டு. எங்கே கடப்பது, எங்கே நிற்பது என்று தெரிவதுதான் கடினம். நானும் ஊர்விட்டு வந்து பணியாற்றுபவன். அந்தப் பெட்டியிடம் நான் நின்றுவிட்டேன்.

காட்சி அமைப்பதில் வல்லவர் ஒருவரைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஏர்பேட்டிலிருந்து கூடூர் செல்லும் தொடர்வண்டியில் ஏறினால் காளஹஸ்தி வரும். தமிழ் நூல்கள் அதனைத் திருக்காளத்தி என்றும், அங்கு ஓடும் சுவர்ணமுகி ஆற்றைப் பொன்முகலி என்றும் வழங்கும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் கண்ணப்பர் கதை நிகழும் இடம் அதுவே. பக்தி நூலாக அதனை அறிந்திருப்பீர்கள். இன்று கதை எழுதுபவரின் கண்கொண்டு நோக்குவோம்.

வேடர்குலத் திண்ணனார் மலைமேல் உள்ள இறைவனைக் கண்டு அன்புகொள்கிறார். 'அளவற்ற அன்பு' என்று சொல்லிச் சேக்கிழார் நிறுத்திவிடவில்லை. ஒரு கையில் வில். மறு கையில் இறைச்சி. நீரை எதில் கொண்டுசெல்வது? வாயில் முகந்துகொள்கிறார். மலரைத் தலைமுடியில் செருகிக்கொள்கிறார். கைகள் இரண்டுதானே என்னும் எளிய இடர்ப்பாட்டிலிருந்து பிறந்த இச்செயல், அவரது அன்பையும் வெள்ளை உள்ளத்தையும் ஒருங்கே காட்டிவிடுகிறது.

ஆறாம் நாள் இறைவனது வலக்கண்ணில் குருதி பெருகுகிறது. திண்ணனார் உடனே தம் கண்ணைத் தோண்டிவிடுவதில்லை என்பதைக் கவனியுங்கள். தீங்கு செய்தவர் எவரோ என்று முதலில் காடெங்கும் தேடுகிறார். எவரும் இல்லை. பச்சிலை பிழிந்து பார்க்கிறார். குருதி நிற்கவில்லை. அதன் பின்னரே அம்பினால் தம் கண்ணை அகழ்ந்து அப்புகிறார். குருதி நிற்கிறது, அவர் மகிழ்ந்து கூத்தாடுகிறார். கதை முடிந்தது என்று நாம் எண்ணும்போது, இடக்கண்ணிலும் குருதி! திண்ணனார் அஞ்சவில்லை. மருந்துதான் தெரிந்துவிட்டதே. ஆனால் இரண்டாம் கண்ணையும் எடுத்துவிட்டால் அப்ப வேண்டிய இடம் தெரியாது. எனவே தம் காலை இறைவனது கண்ணருகில் அடையாளமாக ஊன்றிக்கொண்டு அம்பை எடுக்கிறார்.

அந்தக் கால் ஊன்றுதலில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது என்பது என் கருத்து. கண்ணிழக்கப் போகும் ஒருவர் செய்யக்கூடிய மிக இயல்பான செயல் அது. இன்னொன்றும் உண்டு. இவை அனைத்தையும் அருச்சகர் சிவகோசரியார் மறைந்து நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். இறைச்சி கண்டு அருவருத்தவர் அவரே. அவர் பார்ப்பதனால், படிக்கும் நாமும் அவருடன் மூச்சடக்கி நிற்கிறோம்.

நம் காலத்து எழுத்தாளர் ஒருவரையும் காண்போம். கோவில்பட்டியை அடுத்த இடைசெவலில் 1923இல் பிறந்த கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' சிறுகதையில், சிறுவர்கள் தங்களிடம் உள்ளவற்றைச் சொல்லிப் போட்டியிடுகின்றனர். எவர் வீடு வறியது என்பது அப்போட்டியிலேயே தெரிந்துவிடும். பின்னர், சிரங்கு பிடித்த அனாதைச் சிறுவன் ஒருவனை வறியவளான தாயம்மாள் நீராட்டுகிறாள். தீபாவளிக்குத் தன் கணவனுக்கென வைத்திருந்த துண்டு அவனுக்கு ஆடையாகிறது. தயக்கத்திற்குப் பின் கை மாறும் அத்துண்டு, பரணேறிய பெட்டிக்கு உறவு.

உரையாடல் குறித்து ஒரு சொல். கதை கூறும் நடை எழுத்து வழக்காக இருக்கலாம். மாந்தர் தம் வாய்மொழியிலேயே பேசட்டும். உங்கள் அம்மா வீட்டில் தமிழும் கடைத்தெருவில் தெலுங்கும் பேசுகிறார் அல்லவா? அவ்வாறே எழுதுங்கள். தேநீர்க் கடைக்காரர் "ஏமி பாபு" என்று அழைத்தால் நான் சிவப்பு மையால் அடிக்கமாட்டேன்.

பயிற்சி

1. திண்ணனார் தீங்கு செய்தவரைத் தேடாமலும் பச்சிலை இடாமலும் முதலிலேயே கண்ணைத் தோண்டியிருந்தால் கதை எவ்வாறு மாறியிருக்கும்? ஐந்து வரிகளில் எழுதுக.

2. 'பாட்டி கோபமாக இருந்தார்' என்னும் செய்தியைக் காட்சியாக்குக. 'கோபம்' என்னும் சொல் வரக்கூடாது.

3. ஏர்பேடு தொடர்வண்டி நிலையம், மாலை நேரம். உங்கள் வீட்டார் ஒருவர் வழியனுப்ப வந்திருக்கிறார். வண்டி வருவதற்குச் சற்று முன் தொடங்கி, புறப்படும்போது முடியுமாறு பதினைந்து வரிகளில் ஒரு காட்சி எழுதுக. அவர் கையில் இருந்த பொருள் எது என்பது அவசியம் இடம்பெற வேண்டும்.